ரிசப்ஷனுக்குக் கோட் சூட் வாடகைக்கு எடுக்கும் முன்

முகூர்த்தத்துக்குக் கட்டும் பட்டு வேட்டியில் அளவுப் பிரச்சினை வராது. இடுப்பு 30 அங்குலமோ 42 அங்குலமோ, 8 முழம் எல்லோரையும் சுற்றிக்கொள்ளும். கோட் அப்படி விட்டுக்கொடுக்காது. தோளில் அரை அங்குலம் தவறினாலும் மேடையில் நிற்கும் 3 மணி நேரமும் தெரியும். ஆல்பத்தில் ஆயுளுக்கும் தெரியும்.

வாடகைக் கோட் உங்களுக்காக வெட்டிய துணி இல்லை. பொது அளவில் தைத்து வைத்து, வருகிறவருக்கு ஏற்ப இங்கே கொஞ்சம் பிடித்து, அங்கே கொஞ்சம் விட்டுக் கொடுப்பார்கள். எதைப் பிடிக்கலாம், எதைத் தொடவே முடியாது என்று தெரிந்துகொண்டு கடைக்குள் நுழைந்தால் பாதி வேலை முடிந்தது. பலரும் செல்போனில் ஒரு படத்தைக் காட்டி, "இதே மாதிரி வேணும்" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அது தலைகீழ் வரிசை. முதலில் தேதி, அடுத்து தோள், பிறகு துணியும் நிறமும். டிசைன் கடைசியில் வரட்டும்.

வாடகையா, தைப்பதா?

சாதாரண நேவி புளூ அல்லது கரும்சாம்பல் நிற சூட் என்றால் தைத்துக்கொள்வதே நல்லது. ஆபீஸ் நிகழ்ச்சி, நேர்காணல், நண்பன் கல்யாணம் என்று திரும்பத் திரும்ப உதவும். வெல்வெட் கோட், பளபளக்கும் சாட்டின் காலர் வைத்த டக்ஸீடோ, கல் வேலை செய்த ஷெர்வானி இவையெல்லாம் ஒரு நாள் உடைகள். வாடகை இவற்றுக்குத்தான் பொருந்தும். எளிய கணக்கு ஒன்று: வாடகை, அதே தரத்தில் தைக்கும் செலவில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் தைப்பதைப் பற்றி யோசியுங்கள்.

உடல்வாகும் இதைத் தீர்மானிக்கும். கடைகளில் செட்டாக வைத்திருக்கும் சூட்டில் கோட்டின் எண்ணுக்கும் (அது அங்குலத்தில் மார்பளவு) பேன்ட் இடுப்புக்கும் பெரும்பாலும் 6 அங்குல வித்தியாசம் இருக்கும். 40 கோட் என்றால் 34 பேன்ட். மார்பு 40, வயிறு 39 உள்ளவருக்கு அந்த செட் எப்படியும் உட்காராது. மிக உயரமானவர்கள், ஒரு தோள் இறங்கியவர்கள், ஜிம்முக்குப் போய்த் தோளும் தொடையும் பருத்தவர்கள் எல்லோருக்கும் டெய்லர்தான் சரி. முகூர்த்த சீசனில் நல்ல டெய்லருக்கு 3, 4 வாரமாவது வேண்டும்.

தேதியில்தான் முதல் தவறு

ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. புரட்டாசியையும் நிறைய குடும்பங்கள் தவிர்த்துவிடும். மீதி மாதங்களிலும் வளர்பிறை முகூர்த்தத்துக்கே போட்டி. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஊரில் உள்ள எல்லா மண்டபமும் நிரம்பும்போது, 40, 42 அளவுக் கோட்டுகள்தான் கடையில் முதலில் காலியாகும். ஆகவே 6 வாரம் முன்னதாக முன்பதிவு செய்யுங்கள். தையில் கல்யாணம் என்றால் மார்கழியிலேயே போய்விடுங்கள். கடையில் கூட்டம் இருக்காது, நிதானமாக அளவு பார்த்துத் தருவார்கள்.

பில்லில் எழுதும் தேதியைக் கவனியுங்கள். "கல்யாணம் எப்போ?" என்று கடைக்காரர் கேட்பார், பத்திரிகையில் உள்ள முகூர்த்தத் தேதியைச் சொல்லிவிட்டு வருவீர்கள். ஆனால் சென்னையிலும் வேறு பல ஊர்களிலும் ரிசப்ஷன் முந்தின நாள் மாலையே நடக்கும். ஞாயிறு காலை தாலி கட்டு என்றால் சனி மாலை கோட் வேண்டும். சனி காலை நீங்கள் மண்டபத்துக்குக் கிளம்பிக்கொண்டிருப்பீர்கள். அப்படியானால் உடையை எடுக்கும் நாள் வெள்ளி. பில்லில் "வெள்ளி மாலை எடுப்பது, ஞாயிறு மாலை திருப்புவது" என்று நாளும் நேரமும் சேர்த்து எழுதி வாங்குங்கள். வாடகைக் காலம் 24 மணி நேரமா, 48 மணி நேரமா, அது எந்த நிமிடத்திலிருந்து கணக்கு என்பதையும் அப்போதே கேளுங்கள். உங்களுக்கு முந்தின நாள் அதே கோட் வேறு யாருக்கும் போகிறதா என்பது இன்னும் முக்கியமான கேள்வி. போனால், அது திரும்பி வந்து சலவையாகி உங்கள் அளவுக்குத் தைக்க நேரமே இருக்காது. குறைந்தது 3 நாள் இடைவெளி உள்ள கோட்டைக் கேட்டு வாங்குங்கள்.

அளவு எடுக்கப் போகும்போது

அன்று போடப்போகும் சட்டையையும் ஷூவையும் எடுத்துக்கொண்டு போங்கள். டி-ஷர்ட்டின் மேல் கோட் போட்டுப் பார்த்தால் காலரும் தெரியாது, கையின் நீளமும் தெரியாது. செருப்போடு பேன்ட் நீளம் குறித்தால் ஷூ போட்ட பிறகு குதிகால் உயரத்துக்கு மேலே ஏறிவிடும். சில கடைகளில் சட்டையையும் வாடகையில் சேர்த்தே தருவார்கள். ஆனாலும் வெள்ளைச் சட்டை ஒன்றைச் சொந்தமாக வாங்குவது நல்லது. பட்டன் எல்லாம் போட்ட பிறகு காலருக்குள் 2 விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் டை கட்டிய அரை மணி நேரத்தில் மேல் பட்டனைக் கழற்றிவிடுவீர்கள்.

இனி தோள். சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் நில்லுங்கள். மேல்கை சுவரில் படும் முன்பே கோட்டின் தோள்பட்டைப் பஞ்சு சுவரில் இடித்தால் கோட் பெரிது. தோளுக்குக் கீழே, கை ஆரம்பிக்கும் இடத்தில் குழி விழுந்தாலும் அதே அர்த்தம்தான். தோள் தையல் கழுத்துப் பக்கமாக ஏறி, மேல்கை புடைத்துத் தெரிந்தால் கோட் சின்னது. இரண்டுக்கும் ஆல்ட்ரேஷன் கிடையாது. தோளைத் தொட்டால் கை, காலர், லைனிங் மூன்றையும் பிரித்துச் சேர்க்க வேண்டும். வாடகைக் கடையில் யாரும் செய்யமாட்டார்கள். "பிடிச்சுத் தர்றோம்" என்று சொன்னால் நம்பாதீர்கள், அடுத்த எண்ணைக் கேளுங்கள். கோட்டின் நீளமும் இப்படியே. அது பின்பக்கத்தைச் சரியாக மூடி நிற்க வேண்டும். வெட்டிக் குறைத்தால் பாக்கெட் கீழ்விளிம்பை ஒட்டி வந்து அசிங்கமாக இருக்கும்.

தோள் சரியாக உட்கார்ந்துவிட்டால் மீதி எல்லாம் சின்ன வேலை. கோட்டின் பக்கவாட்டைச் சுமார் 1 அங்குலம் பிடிக்கலாம். கையை ஏறக்குறைய அதே அளவு மடிக்கலாம். பேன்ட் இடுப்பை ஒன்றரை அங்குலம்வரை குறைக்கலாம். பெரிதாக்க வேண்டுமென்றால் பின்தையலுக்குள் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று திருப்பிப் பாருங்கள். அங்கே துணி இல்லையென்றால் டெய்லராலும் ஒன்றும் செய்ய முடியாது.

கண்ணாடி முன் நின்று மூன்று இடங்களைப் பாருங்கள். நடுப் பட்டனைப் போட்டதும் அதைச் சுற்றி பெருக்கல் குறி போலச் சுருக்கம் விழுந்தால் கோட் இறுக்கம். உள்ளங்கையைத் தட்டையாக உள்ளே விட்டால் தாராளமாகப் போக வேண்டும். முஷ்டியே போனால் கோட் தளர்வு. பின்கழுத்தில் கோட் காலர், சட்டைக் காலரை விட்டு விலகி நிற்கக் கூடாது, சட்டை அரை அங்குலம் மேலே தெரிய வேண்டும். பின்பக்கத்தை நீங்களே பார்க்க முடியாது. உடன் வந்தவரைப் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். கைகளைத் தொங்கவிட்டால் சட்டையின் கஃப், அதாவது கை நுனிப் பட்டை, கோட்டுக்கு வெளியே அரை அங்குலம் எட்டிப் பார்க்க வேண்டும். வாடகைக் கோட்டுகளில் கை நீளமாகவே இருக்கும், எல்லோருக்கும் ஆகட்டும் என்று விட்டு வைத்திருப்பார்கள். மணிக்கட்டைத் தாண்டி உள்ளங்கை வரை தொங்கும் கையை மடித்துத் தைக்கச் சொல்ல யாரும் மெனக்கெடுவதில்லை. படத்தில் "வாடகைக் கோட்" என்று காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் இந்த ஒன்றுதான்.

ஒரு முறை காலில் விழுந்து பாருங்கள்

டிரையல் ரூமில் நேராக நின்று பார்த்தது போதாது. ரிசப்ஷன் மேடையில் மாப்பிள்ளை சிலை போல நிற்பதில்லை. மாலை மாற்றும்போது இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்குகிறார். பெரியவர்கள் ஏறினால் குனிகிறார், சிலர் காலில் விழுகிறார். போட்டோகிராபர் முழங்கால் போட்டு உட்காரச் சொல்கிறார். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார். ஆகவே கடையிலேயே இவை எல்லாவற்றையும் ஒரு தடவை செய்யுங்கள். கூச்சப்படத் தேவையில்லை, இந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கு இது தெரிந்ததுதான்.

கைகளைத் தூக்கினால் கோட் கொஞ்சம் ஏறும், அது இயல்பு. கழுத்தை இறுக்கிப் பிடித்தாலோ அக்குளில் தையல் நெரிந்தாலோ அந்தக் கோட் வேண்டாம். மாலை மாற்றும் நேரத்துக்கு மட்டும் பட்டனைக் கழற்றிவிட்டால் பாதி இறுக்கம் குறையும். பேன்ட்டுக்கு உண்மையான சோதனை நமஸ்காரம். முழங்காலை மடித்துக் குனியும்போது பின்பக்க நடுத்தையலில்தான் முழு இழுவையும் விழுகிறது; வாடகை பேன்ட் கிழிந்தால் அந்த இடத்தில்தான் கிழியும். பலருக்காகப் பிரித்தும் பிடித்தும் தைத்த தையல் அது, நூல் நைந்திருக்கும். இரண்டு பெருவிரல்களால் தையலின் இருபுறமும் மெல்ல இழுத்துப் பாருங்கள். இடைவெளியில் நூல் பல்லைக் காட்டினால் மறுபடி ஒரு ஓட்டு போட்டுத் தரச் சொல்லுங்கள், 5 நிமிட வேலை.

டயட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டியது: 6 வாரத்துக்கு முன் எடுத்த அளவு கல்யாணத்தன்று இருக்காது. 3, 4 நாள் முன்னதாக இரண்டாவது டிரையல் கண்டிப்பாக வேண்டும். அதை முன்பணம் கொடுக்கும்போதே பேசிவிடுங்கள்.

துணி, நிறம்

வாடகைக்குக் கிடைப்பவற்றில் பெரும்பாலானவை பாலியஸ்டர்-விஸ்கோஸ் கலந்த டெரி ரேயான். கசங்காது, கனமில்லை, ஆனால் காற்று புகாது. கோட்டுக்குள் முழுக்க பாலியஸ்டர் லைனிங்கும் இருக்கும். சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத மண்டபம், எதிரே வீடியோ லைட் என்றால் வெஸ்ட் கோட்டோடு சேர்ந்த த்ரீ பீஸ் எடுக்காதீர்கள், வெல்வெட்டும் வேண்டாம். உள்ளே பருத்தி பனியன் போடுங்கள். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளை பனியன் கோடு கோடாகத் தெரியும். வெளிர் சாம்பல் அல்லது தோல் நிறம் தெரியாது.

கோட்டின் மார்புப் பகுதியையும் காலர் மடிப்பையும் டியூப் லைட்டுக்குச் சாய்த்துப் பாருங்கள். சின்னச் சின்னக் கொப்புளங்கள் தெரிந்தால், துணிக்கும் உள்ளே ஒட்டிய கேன்வாஸுக்கும் இடையில் பசை விட்டுவிட்டது என்று பொருள். பல முறை டிரை வாஷ் போன கோட்டில் இது வரும். இஸ்திரி போட்டால் சரியாகாது. அடுத்து, கோட்டையும் பேன்ட்டையும் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணிக்கையில் சலவைக்குப் போயிருக்காது. ஒன்று மட்டும் வெளுத்திருந்தால் கடைக்குள் இருக்கும் மஞ்சள் விளக்கில் தெரியாது, போட்டோவில் தெரிந்துவிடும். கறுப்பில்தான் இது அதிகம்.

பெண்ணின் புடவை அல்லது லெஹங்கா நிறத்துக்கு ஒத்துப் போக வேண்டுமென்றால், செல்போன் படத்தை நம்பாமல் பிளவுஸ் பிட்டில் ஒரு துண்டைக் கையோடு கொண்டு போங்கள். புடவை மெரூன் என்றால் கோட்டும் மெரூன் தேடி அலைய வேண்டாம். பட்டின் மெரூனும் டெரி ரேயானின் மெரூனும் ஒருபோதும் ஒன்றாகாது, பக்கத்தில் நின்றால் ஒன்று மட்டமாகத் தெரியும். கோட் நேவி, கரும்சாம்பல், அடர்பச்சை என்று அடக்கமாக இருக்கட்டும். புடவையின் நிறம் டையிலும் பாக்கெட் கைக்குட்டையிலும் வரட்டும். ஜரிகை தங்கமா வெள்ளியா என்று பார்த்து பட்டன், ப்ரூச், வாட்ச் மூன்றையும் அதோடு சேருங்கள். நெருக்கமான பொடிக் கட்டமும் மெல்லிய கோடும் வீடியோவில் அலை அலையாக நெளியும். ப்ளெயின் துணிக்கு அந்தத் தொந்தரவு இல்லை.

ஷெர்வானியும் ஜோத்பூரியும்

ஜோத்பூரியில் டை இல்லை, கழுத்து மூடிய காலர். அந்தக் காலருக்குள்ளும் 2 விரல் இடம் வேண்டும். ஷெர்வானி முழங்காலைத் தொட்டு நிற்கும் நீளம் நல்லது, அதற்குக் கீழே போனால் குள்ளமாகக் காட்டும். கல் வேலையும் ஜர்தோஸி என்னும் ஜரிகை எம்பிராய்டரியும் நிறைந்த ஷெர்வானியைக் கையில் வாங்கி எடையை உணருங்கள், 10 நிமிடம் போட்டுக்கொண்டு நடங்கள். உள்பக்கம் முள் போல நூல் முடிச்சுகள் கழுத்தையும் அக்குளையும் அறுக்கும். லைனிங் எதுவரை வருகிறது என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். தோளில் போடும் துப்பட்டாவின் ஜரிகை, பெண்ணின் நகையில் மாட்டிக்கொண்டால் இரண்டுக்கும் சேதம். தோளிலேயே ஊசி குத்தி நிறுத்திவிடுங்கள், ஊசி தையல் மேல் குத்தட்டும், துணியில் வேண்டாம். சர்ச்சில் திருமணம் செய்பவர்கள் கோட்டில் பூ குத்தும்போதும் இதே கவனம் வேண்டும்: சாட்டின் காலரில் விழுந்த ஊசி ஓட்டை மறையாது. காந்தம் வைத்த பூ கிடைக்கிறது.

பில், டெபாசிட்

வாடகை வேறு, திரும்பக் கிடைக்கும் டெபாசிட் வேறு. இரண்டையும் தனித்தனித் தொகையாகப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். செட்டில் என்னென்ன வருகிறது என்று ஒவ்வொன்றாக: கோட், பேன்ட், வெஸ்ட், டை, ப்ரூச், பெல்ட், ஷூ, கவர், ஹேங்கர். ஹேங்கர் திரும்பி வராததற்குப் பணம் பிடிக்கும் கடைகள் உண்டு. கோட்டின் அடையாள எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் நீங்கள் பார்த்தது ஒன்று, கைக்கு வருவது இன்னொன்றாக இருக்கும். கறை பட்டால் எவ்வளவு, கிழிந்தால் எவ்வளவு, ஒரு நாள் தாமதமானால் எவ்வளவு, கல்யாணம் தள்ளிப்போனால் முன்பணம் என்ன ஆகும் என்பதெல்லாம் வாய்ப் பேச்சாக நிற்கக் கூடாது. அடையாளத்துக்காக ஒரிஜினல் ஆதாரை விட்டுவிட்டு வராதீர்கள். கடைசி 4 எண் மட்டும் தெரியும் மாஸ்க் செய்த ஆதார் நகல் போதும், ஆதார் இணையதளத்திலேயே பதிவிறக்கிக்கொள்ளலாம்.

எடுக்கும் நாளிலிருந்து மேடை வரை

கடையிலேயே ஒரு முறை முழுதாகப் போட்டுப் பாருங்கள். ஜிப் இரண்டு தடவை ஏறி இறங்கட்டும். பட்டன்களை எண்ணுங்கள், அக்குளை முகர்ந்து பாருங்கள், பேன்ட் மடிப்பு தைத்திருக்கிறதா அல்லது ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஒட்டியது நடந்தால் பிரியும். ஏற்கெனவே உள்ள கறை, நூல் பிரிவு, கீறல் எல்லாவற்றையும் கடைக்காரர் முன்னிலையில் படமெடுத்து, பில்லிலும் ஒரு வரி எழுதி வாங்குங்கள். காரில் கோட்டை டிக்கியில் மடித்துப் போடாமல் பின் சீட்டுக்கு மேல் உள்ள கொக்கியில் தொங்கவிடுங்கள். மண்டபத்தில் கசங்கலைப் பார்த்துவிட்டு அவசரத்தில் இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்தால் டெரி ரேயான் பளபளவென்று மினுங்கிப் போகும், வெல்வெட் நிரந்தரமாகத் தட்டையாகிவிடும். மாப்பிள்ளை அறையின் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவியில் 15 நிமிடம் தொங்கவிட்டால் சுருக்கம் நீங்கிவிடும். வெல்வெட் தவிர மற்றவற்றுக்கு ஈரமில்லாத வெள்ளைத் துணியை மேலே போட்டுக் குறைந்த சூட்டில் தேய்க்கலாம்.

ஷூ வாடகைக்கு எடுக்காதீர்கள். 3 மணி நேரம் நிற்கப்போகும் கால்கள் உங்களுடையவை. புதிதாக வாங்கியதை ஒரு வாரம் வீட்டுக்குள் போட்டு நடந்து பழக்குங்கள்.

மண்டபத்தில் கோட்டுக்கு ஆபத்து உணவால் மட்டும் வருவதில்லை. வாசலில் தெளிக்கும் பன்னீர் சாட்டினில் வட்டம் வட்டமாகத் தடம் விடும். பூக்கடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வரும் ரோஜா மாலையில் சாயமும் இறங்கும். மேடைக்கு வரும் முன்பே உதறி, ஒரு துண்டில் ஒற்றி வைக்கச் சொல்லுங்கள். குங்குமம் பட்டால் தண்ணீரால் துடைக்காதீர்கள், தட்டி உதிர்த்துவிட்டு ஊதிவிட வேண்டும். மஞ்சளோ சாம்பாரோ பட்டால் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள், தேய்க்காதீர்கள், சோப்பு போடவே போடாதீர்கள். மஞ்சளில் சுண்ணாம்பு சேர்ந்தால் ஆரத்தி சிவப்பது போலவே சோப்பிலும் மஞ்சள் கறை சிவந்து, துணியோடு ஊறிப்போகும். ஒற்றியதோடு விட்டுவிட்டு, திருப்பும்போது என்ன பட்டது என்று உண்மையைச் சொல்லுங்கள். கறை இன்னதென்று தெரிந்தால் சலவைக்காரர் எடுத்துவிடுவார்.

திருப்பித் தருவது

அடுத்த நாள் விடியற்காலை 4 மணிக்கு மாப்பிள்ளை எண்ணெய் வைத்துக் குளித்துக்கொண்டிருப்பார், அவரால் கடைக்குப் போக முடியாது. தம்பியோ சித்தப்பா மகனோ ஒருவரை முன்கூட்டியே நியமித்து, பில்லின் படம், கடை முகவரி, திருப்பும் நேரம் மூன்றையும் அவருக்கு அனுப்பிவிடுங்கள். நீங்களாகத் துவைத்தோ ட்ரை வாஷுக்குக் கொடுத்தோ அனுப்ப வேண்டாம். டெபாசிட் கைக்கு வந்ததும் "செட் முழுதும் பெற்றுக்கொண்டோம்" என்று பில்லில் எழுதி வாங்கட்டும்.

கவரில் போடும் முன் கோட்டின் உள்பாக்கெட் இரண்டு, வெளிப்பாக்கெட் மூன்று, பேன்ட் பாக்கெட், வெஸ்ட் பாக்கெட் எல்லாவற்றிலும் கையை விட்டுத் துழாவச் சொல்லுங்கள். மேடையில் வருகிறவர்கள் கையில் திணித்த மொய்க் கவரும், மாமா போட்ட மோதிரத்தின் டப்பாவும் அங்கேதான் இருக்கும்.